அல்ஃபியா கடைக் கதவு

அடுப்புக்குள் தள்ளும் முன் கண்ணாடியின் நாலு ஓரத்திலும் கட்டைவிரல் நகத்தை இழுத்துப் பார்ப்பான் முபாஷிர். எங்காவது நகம் தட்டினால் அங்கே சில்லு பெயர்ந்திருக்கிறது என்று அர்த்தம், சூட்டில் சிதறிவிடும். அந்த ஒரு நகம் தேய்ந்து தேய்ந்து சாய்வாகவே வளர்ந்தது.

மண்ணரையில் அவன் வேலை பார்த்த யூனிட்டில், கண்ணாடியை இளகும் பதத்துக்குக் காய்ச்சி, உடனே இருபுறமும் குளிர்காற்றால் அறைவார்கள். அதற்குப் பிறகு அது சுத்தியலுக்கும் லேசில் மசியாது.

தங்கை அல்ஃபியாவின் கையை அவள் புருஷன் நஜீமுதீன் முறித்தான். அவள் பிரிந்துவந்து நல்லூரில் குழந்தைகள் பனியன் கடை போட்டாள். அதற்கு அப்படிக் காய்ச்சிய கண்ணாடிக் கதவை முபாஷிரே செய்து மாட்டினான்.

"கடப்பாறையோட வந்தாலும் அவன் உள்ள வர முடியாது கண்ணு."

"அப்ப நானு எப்படிண்ணா வெளிய போறது?" என்று சிரித்தாள் அவள்.

சில மாதம் கழித்து, ஒரு மத்தியானம் கடை வாசலில் பைக் நின்றது. ஹெல்மெட்டைக் கையில் தூக்கியபடி நஜீமுதீன் படியேறினான். கடைக்குள் தங்கையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த முபாஷிர் சோற்றுக் கையோடு எழுந்தான்.

"பூட்டிருண்ணா!" அல்ஃபியா கல்லாவுக்குப் பின்னால் ஒடுங்கினாள்.

முபாஷிர் தாழை எட்டுமுன் கதவு வெடித்தது. கல்லுப்பு மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோல் கண்ணாடி உள்ளே பாய்ந்தது. அல்ஃபியாவின் புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தது.

துணி மாட்டும் இரும்புக் குழாயை உருவினான் முபாஷிர். முதல் அடியில் நஜீமுதீனின் மணிக்கட்டு மடங்கியது. அடுத்த அடியில் பல் தெறித்தது.

"நான் தொடலீங்க மச்சான்... தொடவே இல்லீங்க..."

"தொடாம ஊதியாடா ஒடைச்சே?"

மூன்றாவது அடி கண்ணில் இறங்கியது. எதிர் தையல் யூனிட் ஆட்கள் வந்து இழுத்தபோதும் விழுந்தவனை அவன் மிதித்துக்கொண்டிருந்தான். "போதும்ண்ணா, செத்துருவான்!" என்று அலறியவள் அல்ஃபியாதான்.

நஜீமுதீனின் இடது கண் போயிற்று. முபாஷிர் சிறைக்குப் போனான்.

அவன் ஜாமீனில் வந்த அன்று, அடுப்பில் கூட வேலை பார்த்த பரணி ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தான். கதவில் ஒட்டியிருந்த கடைப்பெயர் ஸ்டிக்கரோடு பிடித்துக்கொண்ட சில்லுகள். நடுவில் பட்டாம்பூச்சிச் சிறகுபோல இரண்டு துண்டுகள். அவற்றுக்கிடையே ஊசிமுனை அளவு கரும்புள்ளி.

"நிக்கலுங்ண்ணா."

கண்ணாடி உருகும்போதே உள்ளே சிக்கும் துகள் அது. மாதக்கணக்கில் மெல்ல வீங்கி, ஒருநாள் கண்ணாடியைத் தானாக வெடிக்கவைக்கும். அடிபட்டு உடைந்த கண்ணாடியில் அந்தச் சிறகுகள் இருக்காது.