மார்ச்சிலேயே நின்றுபோன பனி

செல்வராணி டீச்சர் இறந்துவிட்ட செய்தி வந்தபோது விருத்தாசலம் பஸ் நிலையத்தில் திட்டக்குடி பஸ்ஸில் ஒரு காலை வைத்திருந்தேன். போனில் அவர் மகள் கலா, "அம்மா போயிட்டாங்க சார்" என்றாள். "எங்க?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவு மடத்தனமான கேள்வியை என் வாழ்நாளில் யாரிடமும் கேட்டதில்லை. செப்டம்பர் பாதி கூட முடியவில்லை.

எங்கள் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் புவியியல் படித்தவர்களுக்கும் அந்த உலக உருண்டை நினைவிருக்கும். பூசணிக்காய் அளவில் பீங்கான் பட்டறையில் சுட்டு வாங்கியது. கடல் நீலம், நிலம் பழுப்பு. இரண்டு துருவங்களில் மட்டும் சுடாத வெள்ளைக் களிமண், அதுதான் பனி. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைகளில் ஈரத்துணியோடு வகுப்புக்குப் போவார். வடதுருவத்தில் குளிர்காலம் முழுக்க மண்ணை அப்பிக்கொண்டே வருவார். மார்ச்சில் அது நன்றாக அகன்றிருக்கும். பிறகு துடைக்கத் தொடங்கினால் செப்டம்பரில் ஒரு சின்ன வட்டம்தான் மிஞ்சும். தெற்கில் நேர் எதிராக நடக்கும். மீன் வண்டி ஐஸைத் தவிர வேறு பனியைப் பார்த்திராத எங்கள் பிள்ளைகள் அதைக் கண் கொட்டாமல் பார்ப்பார்கள்.

நான் கணக்கு வாத்தியார். எனக்கு இதெல்லாம் வேண்டாத வேலையாகத் தோன்றும். "படத்தைக் காட்டிட்டுப் போக வேண்டியதுதானே டீச்சர், எதுக்கு கையெல்லாம் சேறு?" என்று ஒருமுறை சீண்டினேன்.

"படத்துல அது நின்னுடுது சார்" என்றார். "ஐஸ் உருகறதுக்குப் பயப்பட வேணாம், அது அதோட வேலை. திரும்ப உறையாம போனாத்தான் பயப்படணும்." பிறகு, "வடக்குல செப்டம்பர்ல மிஞ்சறது முன்ன மாதிரி இல்லிங்க. அந்த வட்டத்த நானே சின்னதாக்கிக்கிட்டே வரேன்" என்றார்.

இந்த வருடம் மார்ச் கடைசியில் ஆபரேஷனுக்காக நீண்ட விடுப்பில் போனார். போகும்போது, "மாசா மாசம் நீங்க பாத்துக்கங்க சார்" என்று உருண்டையை என்னிடம் ஒப்படைத்தார். ஏப்ரலில் மறந்துவிட்டேன். மண் காய்ந்து ஓரங்கள் உதிர ஆரம்பித்தன. பதறிப்போய், பீங்கான் பட்டறையில் வேலை செய்யும் என் மைத்துனனிடம் கொண்டுபோனேன். அவன் பளபளப்புப் பூச்சு பூசிச் சூளையில் வைத்துக் கொடுத்தான். பீங்கான் சூளைகள் நிறைந்த எங்கள் ஊரில் எதைக் காப்பாற்ற நினைத்தாலும் சுட்டுவிடுவோம். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் அதை மேசைமேல் வைத்தேன்.

ஜூனில் டீச்சர் பாதி ஆளாகத் திரும்பி வந்தார். துணியை நனைத்துக்கொண்டு வடதுருவத்தைத் துடைத்தார். மறுபடி அழுத்தித் துடைத்தார். "சார், இது வரலியே?"

"சுட்டாச்சு டீச்சர். இனிமே உதிராது."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "லீவுல போனது நான்தானே. இத எதுக்கு சார் மார்ச்சுலயே நிறுத்துனீங்க?" என்றார். பிறகு, எனக்குச் சங்கடமாகிவிட்டது என்று தெரிந்து, "பரவால்ல, வேற ஒண்ணு செஞ்சு குடுங்க. செப்டம்பருக்குள்ள வந்துட்டா போதும். ஒரு தடவ என் கையால தொடச்சுப் புள்ளைங்களுக்குக் காட்டிடறேன்" என்றார்.

அடுத்த சூளையில் வந்துவிடும் என்றேன். ஜூலையில் தேர்வு, ஆகஸ்டில் வீட்டில் விசேஷம். டீச்சர் மறுபடி படுக்கையில் விழுந்த பிறகும் இரண்டு முறை போனில் கேட்டார். "ஆயிட்டே இருக்குது டீச்சர்" என்றேன். உண்மையில் மைத்துனனிடம் நான் வாயைத் திறக்கவே இல்லை.

செய்தி வந்த அன்று திட்டக்குடிக்குப் போகாமல் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். கலா என்னைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னாள்: "உருண்ட வந்துச்சா வந்துச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க சார். முந்தாநேத்து தாங்க முடியாம, வந்துடுச்சும்மா, ஸ்கூல்ல இருக்குது, சாரே தொடச்சுப் புள்ளைங்களுக்குக் காட்டிட்டாருன்னு சொல்லிட்டேன். 'அப்ப சரி'ன்னாங்க. அதுக்கப்புறம் கேக்கல."

டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த 'அப்ப சரி' ஒன்றுதான். நான் செய்யாத வேலைக்கு அவர் கொடுத்துவிட்டுப் போன நிம்மதி அது. அதை வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. திருப்பிக் கொடுக்க அவர் இல்லை.