மகனுக்கு மலை காட்டும் அம்மா

பௌர்ணமிக் கூட்டம் மாலை வெயிலில் மெல்ல நகர்கிறது. அடி அண்ணாமலை அருகே ஓர் அம்மாள் கைபேசியை மலைப் பக்கமாக உயர்த்திப் பிடித்தபடி வெறுங்காலோடு என்னுடன் நடக்கிறார். வீடியோ காலில் அவருடைய மகன்.

"துபாய்ல வேலைங்க. கிரிவலம் வர முடியல. அதான் மலைய காட்டிக்கினே போறேன்."

நான் பொறியாளன், எதற்கும் ஒரு கருத்து வைத்திருப்பேன். எந்தக் கட்சி வந்தாலும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கே வேலை கிடைக்காது என்கிறேன். கைபேசி வந்த பிறகு பக்தியும் குறைந்துவிட்டது என்கிறேன்.

"இருக்கட்டுங்க. நீங்க கொஞ்சம் பின்னாடி வாங்க, புள்ளைக்கு மலை மறைக்குது."

பின்னால் வந்த பிறகுதான் திரையைக் கவனிக்கிறேன். முன்பக்கக் கேமராதான் ஓடுகிறது. மகனுக்கு இதுவரை மலையே தெரிந்திருக்காது. அம்மாவின் வியர்த்த முகம்தான் தெரிந்திருக்கும்.

இதுவாவது எனக்குத் தெரிந்த வேலை. கேமராவை மாற்றிவிட விரலை நீட்டுகிறேன். அம்மாளின் பார்வை பாதையில் இருக்கிறது. திரையில் அந்தப் பையன் அவசரமாகத் தலையசைத்து வேண்டாம் என்கிறான். விரலை மடக்கிக்கொள்கிறேன்.

"மலை தெரியுதா கண்ணு?"

"நல்லா தெரியுதும்மா. அப்படியே புடிச்சிக்கினு வா."