நான் மூடிய ஒயின் ஜாடி

என் மாமனார் வீட்டில் கிறிஸ்துமஸ் ஒயினைக் கடையில் வாங்கியதே இல்லை. ஜாலான் புசார் சாலையில் ஒரு மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்த அந்தக் குடும்பம், உலர்திராட்சை, சீனி, ஈஸ்ட், கோதுமை எல்லாம் போட்டு ஆண்டுதோறும் பெரிய ஜாடியில் தானே ஊறவைக்கும். வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகனோ மருமகளோதான் அந்த ஆண்டு ஜாடிக்குப் பொறுப்பு. நன்றாக வந்தால் கைராசிக்காரர். கெட்டுப்போனால் அடுத்த கிறிஸ்துமஸ் வரை எல்லாரும் தொட்டுக்கொள்ள அவர்தான் ஊறுகாய்.

எனக்குக் கல்யாணமான ஆண்டு, என் முறை. செம்பவாங் கப்பல் பட்டறையில் எனக்குக் குழாய் வேலை. அங்கே குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் சுண்ணாம்பு அடித்து, புதுத் தலையணைகூட வாங்கிப் போட்டுவிட்டு, மனைவியை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். மாமியார் சிரித்தார்.

"ஒயின் நல்லா வரட்டும் மாப்ள. திராட்சையையே பார்த்துக்கத் தெரியாதவர நம்பிப் பொண்ண எப்படி அனுப்புறது?"

ஞாயிறுதோறும் வந்து பக்தியோடு கிளறினேன். ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. ஜாடி வாயில் வெறும் துணியைக் கட்டி வைத்திருந்தார்கள். உள்ளே நுரைத்துக்கொண்டிருக்கும் வாசனையெல்லாம் அதன் வழியே வீணாகப் போய்க்கொண்டிருந்தது. கசிவை அடைப்பதே என் பிழைப்பு. சும்மா விடுவேனா? துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு மரமூடி வைத்து, ரப்பர் வாஷர் கொடுத்து, சுற்றிலும் புட்டி பூசி, கம்பியால் முறுக்கினேன். மூத்த மைத்துனர் வாழைப்பழம் தின்றபடி பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொன்னார். கம்பியின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தவள் என் மனைவி.

அடுத்த ஞாயிறு மதியம் சமையலறையில் ஜாடி வெடித்தது. உத்தரமெல்லாம் சிவப்பாகச் சொட்ட, யாரையோ சுட்டுவிட்டார்கள் என்று நினைத்துக் கீழ்க்கடைச் சீனர் மேலே ஓடி வந்தார். என் நெற்றியில் ஒரு திராட்சை ஒட்டியிருந்தது.

வீட்டில் ஒருவரும் திடுக்கிடவில்லை. மாமியார் கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னொரு ஜாடியை இழுத்தார். வாயில் துணி கட்டியிருந்தது. என்னுடையதைப் போட்ட அன்றே இதையும் போட்டிருக்கிறார்கள்.

"கப்பல நல்லா அடைச்சிருக்கீங்க மாப்ள," என்றார் மாமனார். "கடல்ல விட்டுடலாம் லா."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். பிறகு, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவியின் பக்கத்தில் குந்தி, மூடினால் உள்ளே வாயு அடைந்து வெடிக்கும் என்று அவளுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். அம்மா சொல்ல வேண்டாம் என்றார்களாம்.

"எனக்கும் செம்பவாங் வேணாங்க. அங்க யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்ல?"

துணியை வாளியில் பிழிந்தாள். "அதான்," என்றாள்.

கிறிஸ்துமஸ் அன்று கட்டிலடி ஒயினை எனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினார்கள். குறை சொல்ல முடியவில்லை, அருமையாக இருந்தது. இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, தனியாக செம்பவாங் பஸ்ஸில் ஏறினேன்.