பின் உத்திரத்தில் ஒரு துளை

மார்லிஸ் ட்வெட்டின் கைகள் பத்து வயதுப் பிள்ளையின் கைகள் அளவுதான் இருக்கும். ஹால்வர் ஏரிப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபத்தாறு வருடமாக முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிற கைகள். அண்டா தூக்க இந்தக் கை ஆகாது என்று முதல் நாள் தலைமைச் சமையல்காரி முகம் சுளித்தபோது, மார்லிஸ் அண்டாவைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். அந்தக் கைகளுக்கென்றே செய்தது போன்ற ஒரு வேலை அவளுக்கு ஐம்பத்து மூன்று வயதில் கிடைத்தது. அதுவும் சொந்த வீட்டுக் கார்க் கொட்டகையில்.

அவள் கணவன் ஆரின், மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். ஒரு நவம்பரில் லாரி ஒன்று வந்து ஆளுயரப் பெட்டியை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. உள்ளே ஒரு விமானத்தின் வால் இருந்தது. வால் என்றால், வெட்டி வளைத்த அலுமினியத் தகடுகள், அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கப் பொட்டலம் பொட்டலமாக ரிவெட் ஆணிகள், பைபிள் தடிமனில் ஒரு செய்முறைப் புத்தகம், அவ்வளவுதான். இதை முடித்தால் இறக்கை வரும். இறக்கையை முடித்தால் உடற்கூடு வரும்.

"இத எங்க வச்சுக் கட்டப் போற?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"கொட்டகையிலதான்."

"கார்?"

"கார் வெளிய நிக்கும். அதுக்கென்ன, சளி பிடிச்சுடுமா?"

மினசோட்டாவின் ஜனவரியில் காருக்கு நிஜமாகவே சளி பிடிக்கும். ஆறு குளிர்காலம் அது வெளியே நின்று இருமிக்கொண்டுதான் கிளம்பியது.

ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து காற்றுச் சுத்தியலால் அடிக்க, மற்றவர் தகட்டுக்கு உள்ளே கையை விட்டு, ரிவெட்டின் அடிமுனைக்கு ஓர் இரும்புக் கட்டியை முட்டுக் கொடுக்க வேண்டும். ஆரினின் கை அந்தச் சந்துகளில் மணிக்கட்டோடு நின்றுவிட்டது. மார்லிஸின் கை தோள் வரைக்கும் போனது. அன்றிலிருந்து இரவுச் சாப்பாடு ஆனதும் அவன் வெளியே, அவள் உள்ளே. ஒரு தட்டு தட்டினால் 'தயார்', இரண்டு தட்டினால் 'நிறுத்து'. முப்பது வருடக் கல்யாணத்தில் இவ்வளவு தெளிவாக அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை என்று மார்லிஸ் தன் தங்கையிடம் ஒருமுறை சொன்னாள்.

ஆரினுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, ஆள் இல்லையென்று தெரிந்தால், பாதி கட்டிய கூட்டுக்குள் ஏறி உட்கார்ந்து வாயாலேயே எஞ்சின் ஓட்டுவான். விமானம் கட்டுகிற எல்லோரும் செய்வதுதான், யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சத்தம் சமையலறைச் சுவரைத் தாண்டி வரும்போது மார்லிஸ் குழாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிடுவாள், தனக்குக் கேட்கவில்லை என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்று.

இன்னொன்று, அவன் யாரிடமும் எதையும் கேட்க மாட்டான். அந்த ஊரில் பலரும் அப்படித்தான். வழி தப்பினால் வழி கேட்பதைவிட அடுத்த மாவட்டம் வரை போய்த் திரும்பி வருவார்கள். ஒருவரிடம் கேட்பது அவரைத் தொந்தரவு செய்வது, தொந்தரவு செய்வது மரியாதை இல்லை. ஆனால் பெட்டியில் வந்த விமானம் கேள்வி கேட்காமல் முடிகிற காரியமில்லை. முதல் குளிர்காலத்திலேயே வாலின் ஒரு விலா எலும்புத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மடிப்பு உள்ளே பார்க்க வேண்டுமா வெளியே பார்க்க வேண்டுமா என்று பதினோரு நாள் நின்றான். புத்தகத்துப் படம் இரண்டுக்கும் இடம் கொடுத்தது.

"கம்பெனிக்கு ஒரு போன் போடேன். அதுக்குன்னே ஆள் வச்சிருக்காங்களாமே," என்றாள் மார்லிஸ்.

"அவங்களுக்கு எத்தனையோ வேல இருக்கும்."

"அதுதான் அவங்க வேலையே."

"பாக்கலாம்," என்றான். பாக்கலாம் என்றால் மாட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்தரைக்கு, பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில் மாவு மூட்டைகளுக்கு நடுவில் நின்று மார்லிஸே போன் போட்டாள். எடுத்தவர் பெயர் கேலன். கன்சாஸிலிருந்து பேசினார். எந்தப் பக்கம், எந்தப் படம் என்று கேட்டுவிட்டு, மூன்று நிமிடத்தில் பதில் சொன்னார்.

அன்றிரவு உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே அவள் பொதுவாகச் சொன்னாள்: "அந்த மடிப்பு வெளிய பாத்தா அடுத்த தகடு உக்கார வசதியா இருக்குமோ என்னமோ. எனக்கென்ன தெரியும்."

ஆரின் சாப்பிட்டு எழுந்து கொட்டகைக்குப் போனான். அரை மணி கழித்து வந்து, "கண்டுபிடிச்சுட்டேன்," என்றான்.

"அப்படியா," என்றாள் மார்லிஸ்.

அதன் பிறகு ஐந்து வருடம் இப்படியே ஓடியது. பிரேக் குழாய் எந்தப் பக்கமாக வளைந்து போக வேண்டும், எரிபொருள் தொட்டியின் மூடிக்கு எந்தப் பசை, ஒரு போல்ட் நீளமாக இருந்தால் எத்தனை வளையம் போடலாம், எல்லாம் சாமான் அறை வழியாக வந்து, சாப்பாட்டு மேசையில் 'என்னமோ'வாக மாறி, கொட்டகையில் ஆரினின் கண்டுபிடிப்பாக முடிந்தது. அந்த 'என்னமோ' தந்திரம் தெரிந்த கேலன் அவள் குரலைக் கேட்டதும், "மார்லிஸ், இன்னிக்கு நம்மாளு எதுல முட்டிக்கிட்டு நிக்கிறாரு?" என்று ஆரம்பிப்பார்.

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை இறக்கை மாட்டினார்கள். கொட்டகைக் கதவைக் கழற்றி, உடற்கூட்டைப் பாதி வெளியே தள்ளி, பக்கத்துப் பண்ணை டுவேனும் இன்னும் மூன்று பேரும் இறக்கையைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றார்கள். இறக்கைக்குள் நீளவாக்கில் இரண்டு உத்திரங்கள். முன் உத்திரம் பாரம் தாங்கும். பின் உத்திரம் இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து நிறுத்தும். அதன் நுனியில் உள்ள நாக்கு, உடற்கூட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பட்டைகளுக்கு நடுவே நுழையும். மூன்றையும் சேர்த்து ஒரே துளை, அதில் ஒரே ஒரு போல்ட். துளையின் நடுவிலிருந்து எந்த ஓரத்துக்கும் எட்டில் ஐந்து அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று புத்தகம் தடித்த எழுத்தில் சொல்லியிருந்தது. அளக்க வேண்டியவள் மார்லிஸ். சின்னக் கண்ணாடியும் அங்குல அளவுகோலும் கையுமாக அவள் அடியில் படுத்திருந்தாள்.

பட்டைகளின் ஓரம் சரியாக இருந்தது. நாக்கின் ஓரம் மட்டும் உள்ளே மறைந்திருந்தது. ஓரத்தைக் காட்ட முன்பே அதில் போட்டிருந்த பென்சில் கோடு கண்ணாடியில் பளபளப்பாகத் தெரிந்ததே தவிர, எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. இறக்கையை ஒருமுறை வெளியே இழுத்துத் திரும்ப மாட்டினால்தான் நிச்சயமாகத் தெரியும்.

"ஒண்ணும் அவசரமில்ல, மார்லிஸ்," என்றான் டுவேன் மேலேயிருந்து. "நாங்க சும்மாதான நிக்கிறோம்."

"நல்ல காத்து வருது," என்றான் இன்னொருவன்.

அவசரமில்லை என்று இரண்டு பேர் சொன்னால் நாலு பேர் தோளும் கழன்று விழப் போகிறது என்று அந்த ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும். உதவிக்கு வந்த மனிதர்களை இன்னொரு தடவை இறக்கு, தூக்கு என்று சொல்ல மார்லிஸுக்கு மனம் வரவில்லை.

"சரியா இருக்கு," என்றாள்.

ஆரின் துளை போட்டான். எல்லோரும் காபி குடித்தார்கள். "இது பறந்தா என் கோழிங்ககூடப் பறக்கும்," என்று டுவேன் சொல்லிவிட்டு எலுமிச்சைக் கேக்கில் மூன்றாவது துண்டை எடுத்தான். விமானத் திடலுக்கு எடுத்துப் போவதற்காக இறக்கையை மறுபடி கழற்றித் தொட்டில் சட்டத்தில் வைத்தார்கள். அரசாங்கப் பரிசோதகர் மே மாதம் இரண்டாவது வாரம் வருவதாகத் தேதி கொடுத்திருந்தார். ஆரின் அதை அடுத்த வருடத்து நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்தான். வட்டம் போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தினம் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் பனியால் தாமதமாகத் திறந்த காலையில், மார்லிஸ் அந்தத் துளையின் பிசிறை வழித்துக்கொண்டிருந்தாள். அளவுகோல் பக்கத்தில் கிடந்தது. சும்மா வைத்துப் பார்த்தாள். பதினாறில் ஒன்பது. திருப்பி வைத்துப் பார்த்தாள். பதினாறில் ஒன்பதுதான். எட்டில் ஐந்து என்றால் பதினாறில் பத்து இருக்க வேண்டும். ஒரு வீசம், அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, குறைவு.

ஒரு வீசம் என்பது ஒரு தீக்குச்சியின் தடிமன்கூட முழுதாக இல்லை. இறக்கையை மாட்டிவிட்டால் அந்த இடம் உள்ளே போய்விடும். எந்தப் பரிசோதகர் கண்ணுக்கும் தெரியாது. ஆரினுக்கும் தெரியாது.

பத்தரைக்குச் சாமான் அறையிலிருந்து போன் போட்டாள்.

"இன்னிக்கு நம்மாளு எதுல?" என்றார் கேலன்.

"இன்னிக்கு நான்," என்றாள். அளவைச் சொன்னாள்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "மார்லிஸ், மத்த இடமா இருந்தா ஏதாவது வழி சொல்லுவேன். இந்த இடத்துல சொல்ல மாட்டேன். நாக்கு மாத்தணும். அதுக்கு இறக்கையோட அந்த முனைய முழுசாப் பிரிக்கணும். பாகம் வரவே ஏழெட்டு வாரம் ஆகும், அப்புறம் அந்த முனையத் திரும்பக் கட்ட இன்னும் மூணு நாலு மாசம்."

"மே மாசம்?"

"ஆகாது." பிறகு, "இத 'என்னமோ'ன்னு சொல்லி முடிக்க முடியாதும்மா," என்றார்.

ஆனாலும் அவள் அப்படியே முடிக்கப் பார்த்தாள். அன்றிரவு சூப்பை ஊற்றிக்கொண்டே, "ஓரம் கொஞ்சம் குறைஞ்சா அந்தப் பின் போல்ட்டு தாங்குமோ என்னமோ," என்றாள்.

"குறையாது," என்றான் ஆரின், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"ஒருவேள குறைஞ்சிருந்தா?"

"குறையாதுங்கறேன். நீதான அளந்த."

மார்லிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். இத்தனை வருடத்தில் அவன் அவளிடம் சொன்ன நல்ல வார்த்தைகளில் இது முதல் ஐந்துக்குள் வரும். இதைச் சொல்ல அவனுக்கு இந்த ராத்திரிதானா கிடைத்தது.

"நான் தப்பா அளந்தேன், ஆரின். நாக்கோட ஓரம் சரியாத் தெரியல. டுவேன்லாம் நிக்கிறாங்களேன்னு சரியா இருக்குன்னு சொல்லிட்டேன். காலைல அளந்து பாத்தேன். ஒம்பதுதான் இருக்கு."

ஆரின் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். எழுந்து கொட்டகைக்குப் போனான். அவள் சூப்பை மூடி வைத்தாள், திறந்தாள், மறுபடி மூடினாள். கொட்டகையிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. கடைசியில் அவளும் போனாள். அவன் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அளவுகோலைத் துளைமேல் வைத்துக் குனிந்திருந்தான்.

"ஒம்பது," என்றான்.

"ஆமா."

"நாக்கு மாத்தணும்."

"ஏழெட்டு வாரம் ஆகுமாம்."

அவன் நிமிர்ந்தான். "யாரு சொன்னா?"

"கேலன்னு ஒருத்தர். கம்பெனில."

"இன்னிக்குக் கேட்டியா?"

"இன்னிக்கும் கேட்டேன்."

ஆரின் இறக்கையைப் பார்த்தான், வாலைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான். "அந்த விலா மடிப்பு?"

"ஆமா."

"பிரேக் குழாய்?"

"ம்."

"கண்ணாடி மேல்மூடிப் பூட்டு?"

"அது நீயே கண்டுபிடிச்சது," என்றாள் மார்லிஸ். உண்மையும் அதுதான்.

"ஒண்ணாவது இருக்கே," என்றான் அவன். விளக்கை அணைத்துவிட்டு உள்ளே வந்து, ஆறிப்போன சூப்பை அப்படியே குடித்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. நாட்காட்டியில் மே மாதப் பக்கத்தையும் புரட்டவில்லை.

திங்கட்கிழமை பத்தே கால் மணிக்கு, சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு, பூட்ஸ் நிறையப் பனியோடு ஆரின் வந்து நின்றான். இருபத்தாறு வருடத்தில் அவன் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

"எந்தப் போன்?" என்றான்.

அவள் சாமான் அறையைக் காட்டினாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காகிதத்தில் எழுதி வந்த எண்ணை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினான். மார்லிஸ் கதவோரம் நின்றாள். மணி அடிக்கிற சத்தம் அவளுக்கும் கேட்டது. அவன் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"உங்களத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும்," என்றான் போனில். "என் பேர் ஆரின் ட்வெட். நாங்க ஒரு துளையத் தப்பாப் போட்டுட்டோம்."

'நாங்க' என்றான். மார்லிஸ் மாவு மூட்டை ஒன்றின் வாயை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

அந்தப் பக்கம் கேலன் வெகுநேரம் பேசினார். ஆரின் 'ம்', 'ம்' என்று கேட்டுக்கொண்டான். பாகத்தின் எண்ணை எழுதினான், பிரிக்க வேண்டிய ரிவெட் எத்தனை என்று கேட்டான், அதையும் எழுதினான். போனை வைத்துவிட்டு, காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் செருகினான்.

"பரவாயில்ல, நல்ல மனுஷனாத்தான் தெரியுது," என்றான்.

"நல்லவர்தான்."

"பரிசோதகருக்கும் போன் போட்டுத் தேதிய மாத்தணும். செப்டம்பர்னு சொல்லிப் பாக்கறேன்."

"நான் போடட்டுமா?"

"நானே போடறேன்." தொப்பியை மாட்டிக்கொண்டான். பிறகு உள்பையிலிருந்து அங்குல அளவுகோலை எடுத்து அவளிடம் நீட்டினான். "இது உங்கிட்டயே இருக்கட்டும். புது நாக்கு வந்ததும் அளக்கணும்ல."

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "டுவேனக் கூப்பிடு. இல்லன்னா நீயே அளந்துக்கோ."

"டுவேன் அவன் கோழிக்கூண்டுக் கதவையே கோணலா மாட்டினவன். என் கண்ணு உனக்குத் தெரியும்." அவன் அளவுகோலை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றான். "குறைஞ்சா நீ சொல்லிடுவ. மேல பறக்கப் போறவனுக்கு அது போதும்."

அடுப்பில் மக்ரோனி பொங்கி வரும் வாசனை வந்தது. முதல் வகுப்புப் பிள்ளைகள் சாப்பிட வர இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. மார்லிஸ் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு அளவுகோலை வாங்கி, எதிரே இருந்த அலமாரிப் பலகையின் விளிம்பில் வைத்து ஒருமுறை குனிந்து பார்த்தாள். பிறகு அதை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, அண்டாவைக் கிளறப் போனாள்.