குடை முத்திரையிட்ட முகப்பலகை

கல்லின் மேனியில் இசைநூல் எழுத
ஒல்லும் வகையால் உளிக்கருள் செய்தோய்!
குடுமி மலைவாழ் கூத்தனே! என்கை
நெடுமரத் துண்டிலும் நின்னொலி எழுகவே.

தை மாதம், வளர்பிறைப் பஞ்சமி, உத்திரட்டாதி கூடிய வெள்ளிக்கிழமை. இந்த நன்னாளின் காலையில், அரிமளத்துத் தச்சுப்பட்டறை ஒன்றில், என் கையால் செய்த முதல் கிதாருக்கு நரம்பு கட்டினோம். அதற்கு மரம் தேர்ந்ததில் நான் ஒரு பிழை செய்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சென்ற ஆடியில் என் மனைவியைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சும் நடையும் சில வாரங்களில் திரும்பின. இடக்கை திரும்பவில்லை. அதிலும் மோதிர விரலும் சுண்டுவிரலும் யாருடையவையோ போல மடங்கிக் கிடந்தன. பயிற்சி தர வீட்டுக்கு வந்த பெண், ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து நாள்தோறும் அமுக்கச் சொன்னார். மூன்றாம் நாள் அந்தப் பந்து தெருவில் கிடந்தது.

"எம்புட்டு அமுக்குனாலும் பதிலே சொல்ல மாட்டேங்குது. ஊமப் பந்து," என்றாள் மனைவி.

எங்கள் மகள் கல்லூரி நாளில் வாங்கி விட்டுச்சென்ற கிதார் அலமாரியின்மேல் இருந்தது. அதை எடுத்துத் தரச்சொல்லி மனைவியே கேட்டாள். நரம்பை அமுக்குவது இடக்கையின் வேலை என்பதால் பயிற்சிப் பெண்ணும் மகிழ்ந்தார். ஆனால் அதன் உடல் பெரிது, மடியில் நிற்கவில்லை. கழுத்து நீளம், அவள் கை எட்டவில்லை. எஃகுக் கம்பியோ விரலைக் கீறியது. சிறுவர் கிதார் ஒன்றை வாங்கலாம் என்றேன்.

"பொம்மையா வாங்கித் தர்றீங்க?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான், நைலான் நரம்பு பூட்டிய சிறிய கிதார் ஒன்றை நானே செய்வதாகச் சொன்னேன். பணி ஓய்வுக்குப் பின் பூசைப் பலகையும் புத்தகத் தாங்கியும் செய்து பழகியவன் என்பதன்றி எனக்கு வேறு தகுதி இல்லை. மரம் தெரிந்த தச்சர் ஒருவர் அரிமளத்தில் இருந்தார். அவரை நம்பிச் சொல்லிவிட்டேன்.

கிதாரின் முதுகுக்கும் விலாவுக்கும் மரம் தேடி அலையவில்லை. ஆலங்குடிப் பக்கம் அவள் பிறந்த வீட்டுத் தோட்டத்தில் புயலில் சாய்ந்த பலாவை அவள் தம்பி பலகையாக அறுத்து அடுக்கியிருந்தார். நன்கு உலர்ந்த பலகை, அரைத்த மஞ்சளின் நிறம். வீணைக்கு ஆகும் மரம் கிதாருக்கு ஆகாதா?

முகப்பலகையில்தான் சிக்கல். நரம்பின் அதிர்வை வாங்கி ஒலியாக்குவது அதுவே. அதற்கென்று நான் முன்பே ஒன்றை மனத்தில் வரித்திருந்தேன். எங்கள் ஊர்த் தேரைப் புதுப்பித்தபோது கழித்த இலுப்பைப் பலகை ஒன்று, பட்டுத்துணி சுற்றி என் பூசையறையில் இருந்தது. இறைவனைச் சுமந்து திருவீதி வலம்வந்த மரம். அதனினும் மேலான முகம் எந்த வாத்தியத்துக்கு வாய்க்கும்?

தச்சர் அதை வணங்கி வாங்கி, ஒரு முனையை இரு விரலால் தூக்கிப் பிடித்துத் தட்டிப் பார்த்தார்.

"அய்யா, கோவிச்சுக்கிடாதீங்க. இது தேருக்குன்னே பொறந்த மரம். எம்புட்டு இழைச்சாலும் கனம் போகாது. முகத்துக்கு லேசான மரம் வேணும், ரேகை நேரா ஓடணும்."

"அப்படி என்ன மரம் வச்சிருக்கீங்க?"

அங்கிட்டுச் சுவரில் சாத்தியிருந்த பலகையை எடுத்துவந்தார். முந்திரி உடைக்கும் இயந்திரம் ஒன்று கப்பலில் வந்த பெட்டியின் பக்கப் பலகை. பைன் மரம். ஓரமெல்லாம் ஆணித் துளை. நடுவே கறுப்பு மையில், நனையவிடக் கூடாது என்பதைக் குறிக்கும் குடை முத்திரை.

"பெட்டிக் கட்டையா?" என்றேன். என் குரலில் இருந்த இளக்காரம் எனக்கே கேட்டது.

இரண்டு வாரம் நான் இசையவில்லை. வில்வம் ஆகுமா, வேம்பு ஆகுமா, மகிழம் ஆகுமா என்று போகும்போதெல்லாம் கேட்டேன்.

"அய்யா, நீங்க கிதாருக்கு மரம் தேடுறீங்களா, கும்பாபிஷேகத்துக்கா?" என்றார் தச்சர்.

மூன்றாம் வாரம், "நானும் வாரேன்," என்று மனைவி ஆட்டோவில் ஏறிவிட்டாள். தச்சர் இரண்டு பலகைகளையும் பின்பக்கமாக ஒரே அளவுக்கு மெலிதாக இழைத்து வைத்திருந்தார். அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, "தட்டிப் பாருங்கம்மா," என்றார்.

அவள் வலக்கையை நீட்டவில்லை. இடக்கையைத் தூக்கி, மடங்கிய மோதிர விரலின் முட்டியால் தேர்ப்பலகையைத் தட்டினாள். ஓசை இல்லை. மறுபடி தட்டினாள். அதே மௌனம். ரப்பர் பந்தைப் பார்த்த அதே முகம் அவளுக்கு வந்துவிட்டது. பிறகு பெட்டிப் பலகையைத் தட்டினாள். 'தொம்' என்று, சன்னமாக, ஆனால் ஐயமின்றி ஒலித்தது. அவள் நின்று, இன்னொரு முறை தட்டினாள்.

"ஏங்க, இது பேசுதுங்க!"

"அது பெட்டிக் கட்டை," என்றேன்.

"இருந்துட்டுப் போகட்டும். ஒங்க கட்டை சாமியச் சொமந்த கெத்துல இருக்கு, என்னையெல்லாம் மதிக்கல. இது தொட்டாலே என்னன்னு கேக்குது."

தச்சர் சிரிப்பை மறைக்க இழைப்புளியைத் துடைக்கத் தொடங்கினார்.

அடியார்க்குக் குலம் கேட்கலாகாது என்று விடியற்காலைதோறும் பாடுகிறவன் நான். மரத்துக்குக் குலம் கேட்டிருந்தேன்.

அந்தப் பெட்டியின் இரு பலகைகளை இணைத்து முகம் அமைத்தோம். குடை முத்திரையை இழைத்து நீக்கப் போன தச்சரை அவள் தடுத்தாள். "அது இருக்கட்டும். அடுத்த மழைக்கு ஆகும்." தேர்ப்பலகையும் வீண்போகவில்லை. நரம்புகளின் இழுவையைத் தாங்க முகத்தின்மேல் ஒட்டும் சிறு கட்டைக்கு உறுதியான மரம் வேண்டும். அதற்கு ஒரு விரல் அகலம் அதிலிருந்து எடுத்தோம். சுமப்பது அதற்குப் பழகிய தொண்டு.

இன்று காலை சுருதி கூட்டி அவள் மடியில் வைத்தேன். மோதிர விரலால் நரம்பை அமுக்கி, வலக்கையால் மீட்டினாள். 'டப்' என்று செத்த ஓசை. மறுமுறையும் அதுவே. மூன்றாம் முறை விரல் நடுங்கியபடியே இறங்கி நரம்பைப் பற்றியது. ஒரு சுரம் எழுந்தது. ஒரு மூச்சளவு நின்று அடங்கியது.

சுண்டுவிரல் இன்னும் மடங்கியே இருக்கிறது. அதைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"அதுக்கு நாளைக்கு," என்றாள்.

இதைப் படிக்கும் அனைவருக்கும் உடல்நலமும் உள்ளத்தெளிவும் பெருகுக. வலுவற்ற விரலால் நீங்கள் தட்டும் இடத்திலும் பதில் ஒலி எழுக. குடுமி மலைக் கல்லில் இசைநூலை எழுதவைத்த பெருமான் உங்கள் இல்லத்திலும் இனிது வீற்றிருப்பானாக.