டைட் பண்ணாமல் போட்ட வெள்ளைக் கோடு

நடந்தது இது:

1. கே.ஜி.கண்டிகை ஊர்க்காரர் பாஸ்கரின் ஜீப்புக்கு அடியில் இரண்டு இரும்புத் தகடுகள் மாட்டினோம். இன்ஜினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று.
2. கியர்பாக்ஸ் தகட்டின் பின்பக்கம் நான்கு போல்ட். நான்கும் கையால் திருகியதோடு நின்றுவிட்டன.
3. வண்டி திருத்தணி மலைக்கோயிலில் பூஜை முடித்து, நேராக அவர்களுடைய மாந்தோப்புக்குப் போனது.
4. தோப்புப் பாதையில் போல்ட்டுகள் கழன்று, தகட்டின் பின்முனை தொங்கியது. ரிவர்ஸ் எடுத்தபோது அது மண்ணில் குத்தி மடங்கியது. கியர்பாக்ஸ் விரிசல் விட்டது.
5. பின்னால் பெஞ்சு சீட்டில் இருந்த பாஸ்கரின் அப்பாவுக்குக் கதவில் இடித்துத் தலையில் தையல்.
6. பழி எங்கள் ஃபிட்டர் முனிரத்தினத்தின் மேல் விழுந்தது.
7. தவறு என்னுடையது.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். திருத்தணியில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கான ஒரு ஒர்க் ஷாப்பில், எதை மாட்டுவது என்று தேர்வு செய்வதும் மாட்டியதைச் சரிபார்ப்பதும் என் பொறுப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தேர்வில் தவறு இல்லை. பாஸ்கர் முதலில் அலுமினியம்தான் கேட்டார்.

"எல்லாரும் அதான் போட்டுகினு இருக்காங்க. வெயிட்டு கம்மியாமே?"

"உங்க பாதை மண்ணா, கல்லாங்க?"

"கல்லுதான். முட்டிக்கினேதான் போவும்."

கல் என்றால் இரும்பு. அலுமினியத்தைக் கல் பிடித்து இழுக்கும். இரும்பு வழுக்கிக்கொண்டு போகும்; நெளிந்தால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். தகட்டை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில்தான் மாட்ட வேண்டும், கியர்பாக்ஸில் அல்ல. அடியை சேஸிஸ் வாங்கட்டும். ஆயில் இறக்க ஓட்டை வேண்டும், சேறும் சருகும் விழ இடைவெளி வேண்டும். நான் இதையெல்லாம் விளக்கி முடித்ததும் பாஸ்கரின் அப்பா குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார்.

"இன்னாமா, வண்டிக்கு செருப்பு தைக்கிறியா?"

"ஆங், இரும்புச் செருப்பு நைனா" என்றார் பாஸ்கர். எல்லோரும் சிரித்தோம்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அதைக் கொண்டுவந்தவள் நான். டார்க் ரெஞ்ச் வைத்து போல்ட்டைச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகு, போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரை வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு. கோடு போட்ட போல்ட்டை வேறு யாரும் தொடக் கூடாது; மேலும் இறுக்கினால் மரை போய்விடும். பிறகு கோடு விலகியிருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். முனி அண்ணன் முதலில் கிண்டல் செய்தார். "போல்ட்டுக்கும் நாமம் போட ஆரம்பிச்சிட்டியா?" பிறகு என்னைவிடக் கறாராக அதைப் பின்பற்றினார்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் வண்டி கடையைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று பாஸ்கர் வீட்டில் கண்டிப்பு. கியர்பாக்ஸ் தகட்டை மாட்டிப் பார்த்தபோது ஆயில் ஓட்டை சரியாக நேராக அமையவில்லை. முனி அண்ணன் கழற்றி, ஓட்டையை அகலப்படுத்தி, திரும்பக் கையால் திருகி மாட்டினார். அதில் நேரம் போய்விட்டது.

"மேடம், இன்னும் ஆவலையா? எங்கம்மா போன் மேல போன் பண்ணிகினுகீது" என்றார் பாஸ்கர்.

முனி அண்ணன் முன்பக்க போல்ட்டுகளை டைட் செய்துகொண்டிருந்தார். பெயிண்ட் பேனா என் கையில் இருந்தது. அவர் எப்படியும் பின்பக்கம் வருவார் என்று, அந்த நான்குக்கும் முன்கூட்டியே கோடு போட்டேன். பில் போடக் கூப்பிட்டார்கள், போனேன். அவர் பின்பக்கம் வந்தார். கோட்டைப் பார்த்தார். நான் டைட் செய்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டு, வண்டியைத் தூக்கிவைத்திருந்த லிஃப்டை இறக்கினார். நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார்.

மறுநாள் ஜீப்பைக் கட்டி இழுத்து வந்தார்கள். பின்பக்க போல்ட்டுகளில் ஒன்று மட்டும் மிச்சம். அதில் கோடு விலகியிருந்தது. எங்கள் ஓனர் டில்லிபாபு டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கோடு போட்டிருக்கு. அப்போ பொண்ணு டைட் பண்ணிக்கீது. அதுக்கப்புறம் நீதான் ஓட்டைக்காகக் கழட்டியிருக்க. திரும்ப டைட் பண்ணியா?"

"ஓட்டை போட்டு மாட்டினப்புறம்தாண்ணா கோடு" என்றார் முனி அண்ணன்.

"கோடு போட்டதை டைட் பண்ணாம விடுமா அது? படிச்ச பொண்ணுடா."

முனி அண்ணன் தன் கைகளைப் பார்த்தார். "நான் கழட்டலண்ணா..." என்றார். பிறகு, "கழட்டினேனா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

நான் அங்கேதான் நின்றேன். ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை. பாஸ்கரின் அப்பா தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். 'படிச்ச பொண்ணு' என்ற வார்த்தை எனக்குத் தேவையாக இருந்தது. ஓனர் முனி அண்ணனை அடிப்பாக வேலையிலிருந்து எடுத்து வாட்டர் வாஷில் போட்டார். கொஞ்ச நாளில் அவர் வருவதை நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ஓனரிடம் சொன்னேன். "இதை அன்னிக்கே சொல்ல வாய் வரலையா உனக்கு?" என்று மட்டும் கேட்டார்.

முனி அண்ணன் வீட்டுக்குப் போனேன். உள்ளே அவர் தம்பியின் பவர்லூம் தறி சத்தமாக ஓடிக்கொண்டிருந்ததால் வாசலுக்கு வந்து நின்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ராத்திரில படுத்தா கை தானா ஸ்பானர் புடிக்குது மேடம். அந்த நாலு போல்ட்டை டைட் பண்ணிப் பண்ணிப் பார்த்துகினு இருந்தேன். பைத்தியம் புடிச்சிடுச்சோன்னு பயந்துட்டேன்."

"மன்னிச்சிடுங்கண்ணா."

"சரி, போங்க. வெயிலு ஏறுது."

கோடு கடைசியில்தான் வர வேண்டும் என்பது இதில் கற்கக்கூடிய சின்னப் பாடம். அதைவிட முக்கியமானது வேறு: பக்கத்தில் ஒருவர் தன் கையையே சந்தேகிக்கும்போது, உண்மை தெரிந்தவர் பேச வேண்டும். பிறகு பேசியதால் எனக்கு மனப்பாரம் குறைந்தது. அவருக்கு எதுவும் திரும்பி வரவில்லை.

பாஸ்கரிடமும் அவர் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். கியர்பாக்ஸ் மாற்றிக் கொடுத்தோம். தகடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஓனர் இரண்டு முறை கூப்பிட்டும் முனி அண்ணன் வரவில்லை. அரக்கோணத்தில் ஒரு லாரி ஷெட்டில் வேலை செய்கிறார். நான் இன்னும் இதே கடையில், இதே பொறுப்பில் இருக்கிறேன்.