கதவைப் பார்த்த நாற்காலி

தைப்பூச இரதம் டத்தோ கிராமாட் சாலை வழியாக வரும்போது எங்கள் வீட்டருகே தேங்காய் உடைப்பார்கள். இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டு, முதல் குவியல் உடைந்ததுமே என் கணவர் என்னைத் தரையில் தள்ளி மேலே கவிழ்ந்துகொண்டார். பட்டுப்புடவையோடு தார்ச்சாலையில் கிடந்தேன். அருள் வந்துவிட்டது என்று சுற்றியிருந்தவர்கள் கும்பிட்டார்கள். ஓர் அக்கா அவர் நெற்றியில் திருநீறு பூசினார்.

நானும் அப்படியே நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. தூக்கத்தில் அவர் அலற ஆரம்பித்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் விடாமல் தொடரும் மன உளைச்சல்) என்றார்கள். அமைதிப்படையில் வெளிநாட்டில் இருந்தபோது முன்னால் போன வண்டி வெடித்துச் சிதறியதை அன்றுதான் என்னிடமே சொன்னார்.

பணியால் வந்த நோய் என்று ஏற்கும்படி விண்ணப்பித்தோம். ஏற்றால்தான் உடற்குறை ஓய்வூதியம். உங்களில் யாராவது இப்போது அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தால், உங்கள் களைப்பு எனக்குத் தெரியும். ஓய்வூதிய அலுவலகத்தில் அவருடைய பழைய முகாமைக் கேட்கச் சொல்வார்கள். முகாமில் அலுவலகத்தைக் கேட்கச் சொல்வார்கள்.

மருத்துவக் குழு அழைத்த நாளில் முகம் மழித்து, கஞ்சி போட்ட சட்டையும் காலில் பளபளக்கும் சப்பாத்துமாகப் போனார். எப்படி இருக்கிறீர்கள் என்றதற்கு விறைப்பாக நின்று, “பாய்க், துவான்” (நலம், ஐயா) என்றாராம். மனு தள்ளுபடியானது. எனக்கு அழுகையைவிட எரிச்சல்தான் வந்தது.

“நல்லா இருக்கேன்னு சொல்லவாங்க இவ்ளோ அலைஞ்சோம்?”

“அதிகாரி கேட்டா வேற எப்படி சொல்றது லா?”

மேல்முறையீட்டில் நானும் உள்ளே போனேன். அதே சட்டை, அதே பதில். மருத்துவர் மட்டும் வேறு, ஒரு தமிழ்ப்பெண்.

“டாக்டர், அவரு நாற்காலிய எங்க போட்டிருக்காருன்னு பாருங்க,” என்றேன். மேசைக்கு முன்னால் இருந்ததைச் சுவரோரம் இழுத்துப்போட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். “வீட்லயும் இப்படித்தான். சோறு சாப்பிடறப்பகூட கதவைத்தான் பாக்குறாரு.”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். “எப்போலருந்து அங்கிள் இப்படி?”

அவர் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதை மறைக்கவும் முயலவில்லை.

ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தபோது சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. அவர் அதை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: “அப்போ இனிமே முடியலன்னு சொல்லலாமா?”

“சொல்லுங்க.”

மறுநாள் மழிக்காத முகத்தோடு படுத்தே கிடந்தார். “முடியலம்மா,” என்றார்.

நான் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கட்டிலருகே கதவைப் பார்த்து உட்கார்ந்தேன். என் உடம்புக்கும் இந்தக் காவல் பழகிவிட்டது. மணி என்ன ஆனது என்று பார்க்கவில்லை. அவர் கதவுக்கு முதுகைக் காட்டித் தூங்கினார்.